எழுதாமல் விட்ட வரி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும் என்பதால் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டான். தன் ஆட்சிமுறை முழுவதையும் கல்லில் வெட்டி வைக்க அவனுக்கு ஆசை பிறந்தது. தலைமை அமைச்சர் அனந்தராயர் சாசனம் எழுதிவந்து சபையில் படித்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அரண்மனை விகடன் மருதாண்டி மட்டும் ஆட்டவில்லை. ‘வரி தண்டவும் நாட்டைக் காக்கவும் தேவையான யாவும் அதிகாரிகள் செய்யலாம்’ என்ற இடத்தை அமைச்சர் குரலைத் தாழ்த்தி விரைவாகக் கடந்துபோனது அவனை உறுத்தியது.

நெசவாளர் தெரு வெள்ளையம்மா கைகூப்பி எழுந்தாள். “சாமி, போன மாசம் காவக்காரங்க எங்க வீட்டுக்குள்ள பூந்து தறிய ஒடச்சாங்க. ஏன்னு கேட்ட எம் புருசன இழுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் விசாரணையே இல்ல. கேக்காம வீட்டுக்குள்ள வரக்கூடாது, விசாரிக்காம சிறையில போடக்கூடாதுன்னு ரெண்டு வரி சேத்து எழுதுங்க சாமி.”

அனந்தராயர் புன்னகைத்தார். “வேந்தே, வீடு புகலாம் என்று நாம் எங்குமே எழுதவில்லையே! இல்லாத அதிகாரத்துக்குத் தடை எதற்கு? இரண்டு உரிமைகளை எழுதினால், எழுதாத மற்றவை குடிகளுக்கு இல்லை என்று நாளை எவனாவது வாதிடுவான்.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே மருதாண்டியின் சந்தேகம் வளர்ந்தது. “வேந்தே, சாசனத்தில் ஓட்டை இருக்கிறது” என்றான்.

அரசனுக்கு எரிச்சல் வந்தது. “அப்படியானால் நாளை ஒருநாள் நீயே காவல் அதிகாரி. சாசனத்தின் ஒரு சொல்லையும் மீறாமல் அந்த ஓட்டையைக் காட்டு. முடியாவிட்டால் இனி இச்சபையில் நீ வாய் திறக்கக் கூடாது!”

வாய் திறக்க முடியாத விகடனுக்குச் சோறு ஏது? அனந்தராயர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அனந்தராயர் இலைமுன் உட்கார்ந்திருந்தபோது, மருதாண்டி காவலர்களோடு உள்ளே நுழைந்தான். பெட்டிகளைக் கவிழ்த்தான், மெத்தையைக் கிழித்தான், ஊறுகாய்ச் சாடிக்குள் முழங்கைவரை கைவிட்டுத் துழாவினான்.

“யாரைக் கேட்டு உள்ளே வந்தாய்?”

“கேட்க வேண்டும் என்று எழுதவில்லையே, ஐயா. ஒளித்துவைத்த வரிப்பொருளைத் தேடுகிறேன். வரி தண்டத் தேவையான செயல்.”

“நான் என்ன குற்றம் செய்தேன்?”

“அதைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதவில்லை.”

அனந்தராயர் சிறைக்குப் போனார். உள்ளே இருந்த வெள்ளையம்மாவின் கணவன் நகர்ந்து இடம்விட்டான்.

சேதி கேட்டு அரசன் சிறைக்கே வந்துவிட்டான். “அக்கிரமம், வேந்தே!” என்று கம்பிகளுக்குப் பின்னாலிருந்து அனந்தராயர் கத்தினார். “என் வீட்டில் எனக்கு உரிமை இல்லையா?”

“எந்த வரியில் இருக்கிறது, ஐயா?” என்று சாசன ஓலையை நீட்டினான் மருதாண்டி.

அரசன் அதை வாங்கிப் படித்தான். ‘தேவையான யாவும்’ என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. “ஆனால் எழுதாத உரிமைகள் பறிபோகும் என்றாரே, அதற்கு என்ன செய்வது?”

“அதையும் எழுதிவிடுங்கள், வேந்தே. ‘இங்கே எழுதாமல் விட்டவையும் குடிகளுடையவையே’ என்று கடைசியில் ஒரு வரி.”

அரசன் கண்ணில் நீர்வரச் சிரித்தான். நெசவாளியை அங்கேயே விசாரித்தான். குற்றம் எதுவும் இல்லை. இருவரையும் விடுவித்து, தன் முத்துமாலையை மருதாண்டிக்குப் போட்டு, மூன்று வரிகளையும் கல்லில் வெட்ட ஆணையிட்டான்.

முத்துமாலையோடு மருதாண்டி வீட்டுக்குப் போகவில்லை. கல்தச்சனின் அருகே போய் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அனந்தராயர் வந்து, “இந்த வெயிலில் ஏனப்பா காய்கிறாய்? வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ச் சாப்பிடு” என்று கனிவோடு சொன்னார்.

மருதாண்டி கல்லுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.