நாற்பது மூட்டை மண்புழு உரம்

“புழு தின்னுட்டா எல்லாம் சுத்தமாயிரும்னு சொன்னீங்களே டீச்சர்.”

செங்கோடன் கையில் அவர் போட்ட உரத்தின் ஆய்வகத் தாள் இருந்தது. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கோழித் தீவனத்தில் கிருமி கொல்லும் மருந்து கலந்தவர். சீக்கு வருமுன்னே கலந்துவிடுவது அவர்கள் பண்ணை வழக்கம். பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அதே பண்ணையின் கோழி எச்சத்தில் மண்புழு உரம் போடக் கற்க வந்திருந்தார்.

டீச்சர் சுகிர்தாவுக்கு அவர் மகள் வயது.

“நான் சொல்லலைங்க அண்ணா. நீங்க ஆசைப்பட்டீங்க.”

வாசலில் வண்டி நின்றது. நாற்பது மூட்டையும் ஏற்றியாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கீரைப் பாத்திக்கு. செய்ததற்குப் பரிகாரம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

“மருந்து குறைஞ்சிருக்குன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமா.”

“அப்பறம் என்னங்க?”

“அந்த மருந்துக்குச் சாகாத கிருமி குறையலை. சாகாம இருக்கிற வித்தையை அது பக்கத்துக் கிருமிக்கும் குடுத்துரும். நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சீக்கு வந்தா, மருந்து கேக்காமப் போகலாம்.”

செங்கோடன் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“சரி, இது என்னங்க? தீவனத்துல சேர்க்கிற செம்பு, எச்சத்துல இருந்ததைவிட உரத்துல ஜாஸ்தியாம். புழு என்ன செம்பையா பேளும்? லேப்காரன் தப்பா எழுதிட்டான்.”

பயிற்சிக்கூடத்து அடுப்பில் மதியக் குழம்பு இருந்தது. சுகிர்தா ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார்.

“உப்பு கூடிப்போச்சு. கொஞ்சம் வத்த வைங்கண்ணா, சரியாயிரும்.”

செங்கோடன் கரண்டியை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“இத்தனை படிச்சும் சமையல் தெரியலையே. வத்துனா உப்பு இன்னும்...”

கரண்டி அப்படியே நின்றது.

பத்துக் கூடை எச்சம் கொட்டி நாலு கூடை உரம் அள்ளியவர் அவர். பத்து நாலானதை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான்.

குழம்பு கொதித்தது.

“வேற ஜாதிப் புழு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

சுகிர்தா அடுப்பருகே இருந்த உப்பு டப்பாவை மூடினார். எடுத்துப்போய் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

செங்கோடன் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“இன்னைக்கு என்ன கிழமைங்க?”

“வெள்ளி.”

“மூட்டையை இறக்கச் சொல்லுங்க.”

செருப்பைத் தேடி மாட்டினார்.

“தம்பி தீவனம் கலக்குற நாள்.”