இருட்டுல உக்காந்த ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னால முத்தலைக்குடின்னு ஒரு சீமை. அதை மகரராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. ஆண்டாருன்னு மரியாதைக்குச் சொல்றது. ராஜா ஆசைப்படுவாரு, மந்திரி சேந்தனார் அலைவாரு, அதுக்குப் பேரு ஆட்சி.

சேந்தனாருக்கு எலும்பு வரைக்கும் அலுப்பு. போன மாசம்தான் பட்டத்து யானைக்குத் தாலாட்டுப் பாட ஆள் தேடி நாக்குத் தள்ளிப் போச்சு. அதுக்கு முந்தின மாசம், இடி கொஞ்சம் மெதுவா இடிக்கணும்னு மேகத்துக்கிட்ட சொல்லிட்டு வரச் சொல்லி ராஜா அவரை மொட்டை மாடிக்கு ஏத்தினாரு. இப்போ மனுசனுக்கு ஒரே ஆசைதான். யாரும் எழுப்பாம, ஒரு மதியம் முழுக்கத் தூங்கணும்.

"மகாராஜா, எனக்கு ஓய்வு குடுத்துடுங்க."

தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால ராஜா மீசையை ரெண்டு பக்கமும் இழுப்பாரு, ஒத்தைக் கண்ணை மூடுவாரு, தொண்டையில பலாக்கொட்டை மாட்டின எருமை மாதிரி "ஹ்ஹூம்க்கும்!"னு கனைப்பாரு. அன்னைக்கும் கனைச்சாரு.

"குடுக்கறேன்யா. ஆனா நான் இல்லாதப்போ இந்த சபை என்ன பண்ணுதுன்னு நான் பாக்கணும். நான் அவங்களைப் பாக்கணும், அவங்க என்னைப் பாக்கக் கூடாது. ஓட்டை வழியா எட்டிப் பாக்கறதெல்லாம் வேணாம், திருட்டுப் பூனையா நானு? உக்காந்த இடத்துல இருந்து அகலமா பாக்கணும். செஞ்சு காட்டினா ஓய்வு. இல்லேன்னா சாகற வரைக்கும் நீதான் மந்திரி!"

தலையை வெட்டுறேன்னு சொல்லியிருந்தாக்கூட சேந்தனாருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அதுலயாவது படுத்துக்கலாம்.

வேகாத வெயில்ல வீட்டுக்கு நடந்தாரு. தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசலா பாத்தா, உள்ள ஒரே இருட்டு. ஆனா உள்ள இருந்து மட்டும் குரல் வருது: "என்ன மந்திரியாரே, வேட்டியைத் திருப்பிக் கட்டியிருக்கீங்க?" இவரு கண்ணுக்கு ஒருத்தனும் தெரியல, அவங்களுக்கு இவரோட வேட்டிக்கரை வரைக்கும் தெரியுது. குடுத்து வச்சவனுங்க, இருட்டுல படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கறானுங்கன்னு பொருமிக்கிட்டே போனவரு, நடுத்தெருவுல நின்னுட்டாரு.

மறுநாள் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, கப்பல்காரங்ககிட்ட இருந்து ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒண்ணு வாங்கினாரு. தண்ணி மாதிரி தெளிவு. சபைக்குப் பக்கத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த அறைவாசல்ல பலகையைப் பதிச்சாரு. உள்சுவர் முழுக்கக் கரியைப் பூசினாரு. உள்ள போக பின்பக்கமா ஒரு கதவு.

"மகாராஜா, உள்ள விளக்கு மட்டும் கூடாது"ன்னாரு.

வந்துட்டாருய்யா கூத்தபிரான்! அவருதான் தீவட்டி அதிகாரி. ராஜா எங்க உக்காந்தாலும், பகலோ ராத்திரியோ, முன்னால விளக்கு எரியணும்ங்கிறது அந்த அரண்மனை வழக்கம். பந்தம் மாதிரி ஒரு அடுக்கு விளக்கைத் தூக்கிக்கிட்டு ராஜாவுக்கு முன்னாடியே நடக்கறவரு. மந்திரி நாற்காலி மேல அவருக்கு ஒரு கண்ணு, இல்ல, ரெண்டு கண்ணும்.

"ஐயோ பிரபு! ராஜாதி ராஜாவைப் பெருச்சாளி மாதிரி இருட்டுல உக்கார வைக்கறாரே! இது அடுக்குமா?"

"நான் பெருச்சாளியா?" ராஜாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "வைய்யி விளக்கை!"

"மகாராஜா..."ன்னு ஆரம்பிச்சாரு சேந்தனார். அப்புறம் கொட்டாவி வந்துச்சு, விட்டுட்டாரு.

ராஜா அடுக்கு விளக்கோட உள்ள போனாரு. வெளிய மழை மேகம், சபை மங்கலா கிடந்துச்சு. உள்ள ராஜா தகதகன்னு தெரியறாரு! கிரீடத்தைக் கழட்டி வழுக்கையைச் சொறிஞ்சாரு. தொப்பையைத் தடவினாரு. கண்ணாடியைப் பாத்துப் பல்லைக் காட்டிக் கண்ணடிச்சாரு. சபையில அத்தனை பேரும் துண்டை வாயில திணிச்சுக்கிட்டுத் தரையைப் பாத்தாங்க.

வெளிய வந்தவரு, "ஒருத்தனும் தெரியலய்யா! நான்தான் தெரிஞ்சேன். பாக்க நல்லாத்தான் இருந்தேன், ஆனா அதுக்கா கேட்டேன்?"

"பிரபு, இது முகம் பாக்கற கண்ணாடி! மந்திரி உங்களை ஏமாத்திட்டாரு!" கூத்தபிரானுக்கு வாயெல்லாம் பல்லு.

சேந்தனாருக்குக் கண்ணு முன்னால தூக்கம் கையசைச்சுட்டுப் போறது தெரிஞ்சுச்சு. "இன்னொரு தடவை மகாராஜா. விளக்கு வழக்கப்படி உங்களுக்கு முன்னாலதான் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கூத்தபிரானே கையில பிடிச்சுக்கட்டும்."

ராஜா இருட்டு அறைக்குப் போனாரு. கூத்தபிரான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணாடியைப் பாத்தாரு. அவரு மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. 'நான் சொன்னேன்ல, முகம் பாக்கற கண்ணாடிதான். உள்ள அந்த ஆளும் தன் மூஞ்சியை ரசிச்சுக்கிட்டிருப்பாரு'ன்னு நினைச்சாரு. சபைப் பக்கம் பாத்து மீசையை இழுத்தாரு, ஒத்தைக் கண்ணை மூடினாரு, "ஹ்ஹூம்க்கும்! நான் பெருச்சாளியா?"ன்னு வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒரு நடை நடந்தாரு. சத்தியமா சொல்றேன், ராஜாவை விட நல்லா பண்ணினாரு. விளக்கு வேற அவரு கையிலயே!

உள்ள இருந்து நிஜமாவே ஒரு "ஹ்ஹூம்க்கும்!" வந்துச்சு. விளக்கு கீழ விழுந்து அணைஞ்சுது.

ராஜா வெளிய வந்தாரு. "மந்திரி, அதே கண்ணாடிதானேய்யா?"

"அதேதான் மகாராஜா. வெளிச்சத்துல நிக்கறவன் மாட்டிக்குவான், இருட்டுல இருக்கறவன் பாத்துக்குவான். கண்ணாடிக்கு ராஜான்னும் தெரியாது, தீவட்டின்னும் தெரியாது."

அப்போ முதல் தடவை நான் உள்ள கண்ணடிச்சது...ன்னு ராஜா யோசிச்சாரு. சபை தரையைப் பாத்துச்சு. ராஜா பேச்சை மாத்திட்டாரு.

"கூத்தபிரான்! இனிமே யானைக்குத் தாலாட்டு நீதான். சேந்தா, உனக்கு ஓய்வு குடுக்கணும்தான். ஆனா உள்ள இருந்து பாத்தேன். எனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே மூஞ்சி வச்சிருந்தது நீ ஒருத்தன்தான்யா. உன்னை விட மாட்டேன்."

"மகாராஜா, அது அலுப்பு மூஞ்சி..."

"இருக்கட்டும். நாளையிலருந்து அந்த அறைக்குள்ள உக்காந்து தினமும் நீ சபையைக் கண்காணி!"

சேந்தனாருக்கு அழுகையே வந்துச்சு. தலையைக் குனிஞ்சவரு, அந்த அறையை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. ஜன்னல் கிடையாது. குளிர்ச்சி. இருட்டு. வெளிய இருந்து ஈ, எறும்பு கூட பாக்க முடியாது.

"சித்தம் மகாராஜா"ன்னாரு, கொஞ்சம் வேகமாவே. "ஒரு தலகாணி மட்டும் வேணும். முதுகுக்கு."

அன்னையிலருந்து முத்தலைக்குடி சபை மாதிரி ஒழுங்கான சபை எந்தச் சீமையிலும் இல்ல. கண்ணாடிக்குப் பின்னால மந்திரி முழிச்சுக்கிட்டிருக்காருன்னு அவங்க அத்தனை பேரும் நம்பினாங்க. குறட்டை மட்டும் லேசா கேக்கும். ராஜாவும் உள்ள உக்காந்து கனைக்கறாருன்னு நினைச்சு, இன்னும் நேரா நிமிந்து உக்காந்துக்குவாங்க.