சுவரில் ஒரே ஒரு கால்தடம்

ஒரு காட்டில் ஒரு குகை இருந்தது. பட்டப்பகலில் உள்ளே போனாலும் கும்மிருட்டுதான். ஆனால் வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. அதனால் அந்தக் குகைமேல் எல்லாருக்கும் ஒரு கண் இருந்தது.

அந்தக் காட்டுக்குத் தலைவி ஒரு யானை. அதன் குட்டியும் மற்ற குட்டிகளும் வெயில் காலம் முழுக்க விளையாட ஒன்றும் இல்லாமல் பெரியவர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. பொறுத்துப் பார்த்த தலைவி ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டது.

"இந்தக் குகைக்குள் குட்டிகளுக்கு ஒரு விளையாட்டு செய்து கொடுங்கள். செய்தவர்களின் கால்தடம் விளையாட்டின் முடிவில் சுவரில் தெரிய வேண்டும். யாருடைய தடம் தெரிகிறதோ, அவர்களுக்கு மழைக்காலத்தில் குகைக்குள் இடம் உண்டு" என்றது.

அந்தக் காட்டில் எழுத்து கிடையாது, பிள்ளைகளே. அங்கே கால்தடம்தான் பெயர்.

தலைவி பேசி முடிப்பதற்குள் நரி முன்னால் வந்து நின்றது. "பொறுப்பை என்னிடம் விடுங்கள் அம்மா. நீங்கள் நிம்மதியாகப் போய்க் குளியுங்கள்" என்றது. யானைக்குக் குளியல் என்றால் போதும். சரி என்று போய்விட்டது.

நரி வேலைக்கு ஆள் சேர்த்தது. சிலந்தி வந்தது, மரங்கொத்தி வந்தது, மின்மினிகள் கூட்டமாக வந்தன. காட்டுக்கொடி அறுத்துக்கொண்டு வர அணிலும் வந்தது.

"எல்லார் தடமும் சுவரில் ஏறும். இதற்கு நான் பொறுப்பு. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றது நரி.

மற்றவர்களைவிடச் சிலந்திக்கு இது பெரிய விஷயம். போன மழையில் புதரில் கட்டியிருந்த வலையோடு அதன் முட்டைப் பையும் வெள்ளத்தில் போய்விட்டது. அந்தத் துக்கம் அதற்கு இன்னும் ஆறவில்லை. இந்த மழைக்கு முன்னால் நனையாத ஒரு மூலை கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் அது வேலைக்கு வந்தது.

அவர்கள் செய்த விளையாட்டு எப்படிப்பட்டது தெரியுமா? குகைச் சுவர் முழுக்க மின்மினிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். சுவருக்கு எதிரே இரண்டு கொடிகள் தொங்கும். கொடியிலிருந்து ஒவ்வொரு மின்மினிக்கும் ஓர் இழை போகும். ஒரு கொடியை இழுத்தால் இழைகள் துடிக்கும், மின்மினிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், சுவரில் ஒரு வெளிச்ச முயல் ஓடும். மற்றக் கொடியை இழுத்தால் முயல் தாவும். பள்ளத்தில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். முயல் தாவும்போதெல்லாம் மரங்கொத்தி ஓர் உளுத்த கட்டையில் "டொக்" என்று தட்டும், விழுந்தால் "டொடொடொக்" என்று சிரிப்பதுபோல் தட்டும். எல்லாம் தாண்டி மலையுச்சிக்குப் போனால் முயல் நிலாவைத் தொடும். தொட்டதும் செய்தவர்களின் தடங்கள் எல்லாம் சுவரில் பளிச்சென்று தெரியும்.

எந்தக் கொடியை இழுத்தால் எந்த இழை துடிக்கும், எந்த இழை துடித்தால் யார் எரிய வேண்டும் என்பதெல்லாம் சிலந்தி யோசித்து யோசித்துப் பின்னியது. ஓர் இழை மாறினாலும் முயலுக்குக் காது வால் பக்கம் முளைத்துவிடும். அப்படி எத்தனையோ முறை முளைத்தது. எல்லாரும் சிரித்துவிட்டுத் திருத்தினார்கள்.

நரி என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? குகை வாசலில் படுத்திருந்தது. வருகிறவர் போகிறவரிடம், "உள்ளே என் விளையாட்டு தயாராகிறது. சுவரில் முயல் ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு வாய் வேண்டும்தான்.

திறப்பு நாள் நெருங்கியது. நரி ஓய்வை நிறுத்தியது.

"மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். தூக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டீர்களா?" என்றது.

"குடும்பம் என்றால் சாப்பிடக் கூப்பிடுவார்களே, நரியண்ணே. எங்களை ஒருநாளும் கூப்பிடவில்லையே" என்றது மரங்கொத்தி. நரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொடி இழுத்து இழுத்து அணிலுக்குக் கை வீங்கிவிட்டது. "கை சரியாகும்வரை வீட்டில் இருக்கிறேன்" என்று கேட்டது.

"தாராளமாகப் போ. ஆனால் திறப்பு நாள்வரை வேலையில் நிற்பவர் தடம்தான் சுவரில் ஏறும். அதுதான் இங்கே வழக்கம்" என்றது நரி.

அப்படி ஒரு வழக்கம் அன்றைக்குக் காலையில்தான் பிறந்தது. அணில் வீங்கிய கையோடு போனது. யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே திறந்திருக்க வேண்டும் என்பேன் நான். ஆனால் அவரவர் பயம் அவரவருக்கு.

பிறகு சிலந்திக்கு முட்டையிடும் வேளை வந்தது. முட்டையிட்டுப் பைகட்டி, பையை முதுகுப்பக்கம் சுமந்துகொண்டு மறுநாளே திரும்பி வந்தது. வாசலில் நரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி, நேற்று நீ வேலையில் இல்லை. வழக்கம் என்னவென்று உனக்கே தெரியும்."

"இழை முழுக்க நான் பின்னியது, அண்ணே. ஒரே ஒரு நாள்தான் வரவில்லை."

"ஒருநாள் என்றாலும் வழக்கம் வழக்கம்தான்."

"அக்காவின் தடம் இல்லாமல் முடிவுச் சுவரா?" என்று மரங்கொத்தி குரலை உயர்த்தியது.

"எதிர்த்துப் பேசுகிறவர் தடமும் ஏறாது" என்றது நரி. மின்மினிகள் முணுமுணுத்தன. நரி அவற்றின் பக்கம் திரும்பியது. "உங்களுக்கு என்ன? நீங்கள் விளக்கு. விளக்குக்கு ஏது பெயர்? பிடிக்காவிட்டால் சொல்லுங்கள். அடுத்த காட்டில் மின்மினிக்குப் பஞ்சமில்லை."

அதோடு நிற்கவில்லை. "சிலந்தி, உள்ளே போய் முடிவுச் சுவரை மாற்று. என் தடம் மட்டும் தெரிய வேண்டும். சுவர் நிறையப் பெரிதாகத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். திறப்பு நாள் முடிந்ததும் எல்லாரும் வெளியே போய்விடுங்கள்" என்றது.

ஒரு குகை முழுக்கத் தனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த நரி. ஒரு நரிக்கு எவ்வளவு இடம் வேண்டும், சொல்லுங்கள்.

சிலந்தி, மரங்கொத்தி, மின்மினிகள் எல்லாரும் குகைக்குப் பின்னாலிருந்த பாறைமேல் கூடினார்கள். மரங்கொத்தி போய் அணிலையும் கூட்டிவந்தது. தூரத்தில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"நாங்கள் எரிய மறுத்தால் வேறு மின்மினிகள் வந்துவிடுமே" என்றது மூத்த மின்மினி.

"வரட்டுமே. எந்த இழைக்கு எது எரிய வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? வாசலில் படுத்திருந்தவரா?" என்றது மரங்கொத்தி.

சிலந்தி தன் முட்டைப் பையைப் பார்த்தது. பிறகு நிதானமாகப் பேசியது.

"மறுக்க வேண்டாம். எதையும் உடைக்கவும் வேண்டாம். நரியண்ணன் என்ன கேட்டார்? அவர் தடம் மட்டும் தெரிய வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். கேட்டதை அப்படியே செய்து கொடுப்போம். ஆனால் ஒன்று. நம்மில் யாராவது ஒருவர் தனியாகப் போய் அவரிடம் வேறு மாதிரி பேசிக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும். கடைசிவரை சேர்ந்து நிற்போமா?"

"நிற்போம்" என்றது மரங்கொத்தி. மின்மினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு முறை எரிந்து அணைந்தன. அவற்றுக்கு அதுதான் சத்தியம். அணில் வீங்காத கையைத் தூக்கியது.

திறப்பு நாளன்று காடே குகைக்குள் கூடியது. யானைத் தலைவி முன்னால் நின்றது. குட்டியானை கொடியைப் பிடித்துக்கொண்டு, "எப்போது தொடங்கும், எப்போது தொடங்கும்" என்று நச்சரித்தது.

நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "அம்மா, இந்த விளையாட்டில் யோசனை என்னுடையது, இழை என்னுடையது, ஒலி என்னுடையது, ஒளி என்னுடையது. அத்தனையும் நான் ஒருவனே செய்தேன்."

"ஒருவனேயா?" என்று தலைவி ஆச்சரியப்பட்டது.

"ஒருவனே அம்மா. இதில் இன்னொருவர் கை பட்டதே இல்லை."

குட்டியானை கொடியை இழுத்தது.

சுவரில் ஒரு நரிக் கால்தடம் எரிந்தது. பெரிய தடம். சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

குட்டியானை மற்றக் கொடியை இழுத்தது. அதே தடம்தான். இரண்டையும் சேர்த்து இழுத்தது. அப்போதும் அதே தடம். ஓடவுமில்லை, தாவவுமில்லை. ஒரு "டொக்"கூடக் கேட்கவில்லை.

"அம்மா, இதில் விளையாட ஒன்றுமே இல்லை" என்று குட்டியானை உதட்டைப் பிதுக்கியது. பின்னால் நின்ற பன்றிக்குட்டிகள் கொல்லென்று சிரித்தன.

"முயல் ஓடும் என்று ஊரெல்லாம் சொன்னாயே, எங்கே முயல்?" என்றது தலைவி.

நரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சின்னக் கோளாறு அம்மா. இதோ சரிசெய்கிறேன்" என்று சுவரருகே பாய்ந்தது. ஓர் இழையை இழுத்தது, இன்னொன்றை இழுத்தது, ஒன்றும் புரியாமல் கைக்கு வந்ததையெல்லாம் இழுத்தது. கடைசியில் இழையெல்லாம் காலிலும் மூக்கிலும் சுற்றிக்கொள்ள, அசைய முடியாமல் நின்றது.

"இந்த மின்மினிகள் சோம்பேறிகள் அம்மா. சிலந்தி வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாள். மரங்கொத்தி தட்டவே இல்லை" என்று கத்தியது.

"இன்னொருவர் கை படவில்லை என்றாயே. இப்போது மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டது தலைவி.

நரி காலை உதறிப் பார்த்தது; இழை இன்னும் இறுகியது.

அப்போது வாசலிலிருந்து சிலந்தி இறங்கி வந்தது. அதன் பின்னால் மரங்கொத்தி வந்தது, அணில் வந்தது. சுவரிலிருந்த மின்மினிகள் தடத்தைக் கலைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றன.

"நாங்கள் எதையும் கெடுக்கவில்லை, தலைவியம்மா" என்றது சிலந்தி. "தன் தடம் மட்டும் தெரிய வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். அப்படியே செய்து கொடுத்தோம். முடிவுச் சுவரில் எங்கள் தடம் இல்லை என்றால், அதற்கு முன்னால் எங்கள் வேலையும் இல்லை. எங்கள் வேலையை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கும் என்று இப்போது நீங்களே பார்த்தீர்கள்."

தலைவி துதிக்கையால் நெற்றியைத் தடவிக்கொண்டது. "பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தப்புதான். விளையாட்டை மறுபடி ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டது.

"முடியும் அம்மா. ஆனால் முதலில் ஒரு பேச்சு இருக்கிறது. அணிலின் தடமும் சுவரில் ஏற வேண்டும். அது பாதியில் போனது உண்மை. அது கொண்டுவந்த கொடி இங்கேயேதான் இருக்கிறது, போகவில்லை. அந்தக் கொடி இல்லாமல் உங்கள் குட்டி எதை இழுக்கும்?"

"ஏறட்டும்" என்றது தலைவி.

"நோய் வந்தாலும் முட்டையிட்டாலும் ஓய்வு உண்டு என்று சொல்லுங்கள். அதற்காக யார் தடத்தையும் அழிக்கக் கூடாது" என்றது மரங்கொத்தி.

"எங்களுக்கும் மாறி மாறி ஓய்வு வேண்டும்" என்றது மூத்த மின்மினி. "பொழுது சாய்ந்தால் விளையாட்டும் நிற்கட்டும். குட்டிகளும் தூங்க வேண்டுமே."

கூட்டத்திலிருந்த தாய்மார் எல்லாரும் இதற்குத் தலையை ஆட்டினார்கள். தலைவி மறுக்கவே இல்லை.

"இந்த நரியை என்ன செய்வது? தடத்தை அழித்துவிடலாமா?"

சிலந்தி கொஞ்சம் யோசித்தது. கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னது, "வேண்டாம் அம்மா. வாசலில் படுத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டது அவர்தான். அந்த வேலைக்கு அவர் தடமும் இருக்கட்டும். எங்கள் தடங்களுக்குப் பக்கத்தில், எங்கள் அளவில்."

"அப்படியே ஆகட்டும்" என்று தலைவி நரியின் பக்கம் திரும்பியது. "இத்தனை நாளும் எங்கே படுத்திருந்தாய்?"

"வாசலில்" என்றது நரி, மூக்கில் சுற்றிய இழையோடு.

"மழைக்காலத்துக்கும் அங்கேயே படுத்துக்கொள். கொஞ்சம் சாரல் அடிக்கும்."

சிலந்தி நரியின் காலிலிருந்து இழைகளைப் பிரித்தெடுத்துச் சரியாகக் கட்டியது. மின்மினிகள் அவரவர் இடத்துக்குப் பறந்தன. மரங்கொத்தி கட்டையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டது. குட்டியானை கொடியை இழுத்ததும் வெளிச்ச முயல் ஓடியது, தாவியது, பள்ளத்தில் விழுந்தது. "டொடொடொக்" என்ற சத்தத்தைக் கேட்டுக் குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன.

மழை வந்தது. வெளுத்து வாங்கியது. குகையின் உள்மூலையில், ஒரு சொட்டுக்கூட விழாத இடத்தில், சிலந்தியின் முட்டைப் பை வெடித்தது. கடுகு கடுகாகக் குஞ்சுகள் சுவரெல்லாம் ஏறி விளையாடின.

ஒருநாள் குட்டியானை முதல்முறையாக நிலாவரை போய்விட்டது. சுவரில் தடங்கள் எரிந்தன. மரங்கொத்தியின் விரல், அணிலின் கை, மின்மினிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஓரத்தில் சின்னதாக நரியின் தடம்.

"இந்த எட்டுப் புள்ளி யாருடையது?" என்று குட்டியானை கேட்டது.

அந்த எட்டுப் புள்ளிமேலேயே ஏறி உட்கார்ந்திருந்த குஞ்சுகள் எல்லாம் ஒன்றாகச் சொன்னன: "எங்கள் அம்மாவுடையது."

நீதி: பலர் செய்த வேலைக்குப் பலர் பெயரும் வேண்டும், அதைத் தர மறுப்பவரிடம் எல்லாரும் சேர்ந்து நின்று கேட்டுப் பெற வேண்டும்.