மாற்று வீரரின் கண்

விண்வெளிக்குப் போவது எப்படி என்று பிறருக்குக் கற்பித்த சிங்கராயர், தாம் ஒருமுறையும் போனதில்லை. பயிற்சி முழுவதையும் பெற்றவர். தேர்வுகள் அனைத்திலும் தேறியவர். உடலில் ஒரு குறை கிடையாது. இருந்தும் அவர் கால் தரையை விட்டு எழவில்லை. அந்தக் கடலோரப் பயிற்சி நிலையத்தில் அதற்குக் காரணம் தெரிந்தவர் எவருமில்லை. அதிர்ஷ்டமில்லாத மனிதர் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள்.

அவருடைய மாணவி அங்கயற்கண்ணிக்கு அந்த விடை போதவில்லை.

அவள் மாற்று வீரராக நியமிக்கப்பட்டிருந்தாள். புறப்படுபவருக்கு நிகரான பயிற்சி பெற்று, அவரால் போக இயலாதபோது மட்டும் அவருக்குப் பதிலாக ஏறுவது மாற்று வீரரின் பணி. மறுநாள் புறப்பட இருந்தவன் கோமதிநாயகம். இளையவன், அவனுக்கு இன்னும் பல பயணங்கள் வாய்க்கலாம். அவளுக்கு இதுவே கடைசி. அடுத்த கலம் எழும்புவதற்குள் அவள் வயது வரம்பைக் கடந்துவிடுவாள்.

நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புறப்படுபவர் அணியும் உடையை, முந்தின நாள், மாற்று வீரரே இறுதியாகச் சோதித்துச் சொல்ல வேண்டும். அங்கயற்கண்ணி காலை முதல் அந்த வேலையில் இருந்தாள். நண்பகலில், வலக் கையுறையை உடையோடு பூட்டும் வளையத்தின் ரப்பர்ப் பட்டையில், மயிரிழை போல ஒரு வெடிப்பைக் கண்டாள்.

சொன்னால் பட்டையை மாற்றிவிடுவார்கள், கோமதிநாயகம் புறப்படுவான். சொல்லாவிட்டால், மறுநாள் ஏவுதளத்தில் உடைக்குள் காற்றை நிரப்பிப் பார்க்கும்போது கசிவு தானே வெளிப்படும். அங்கே பழுது பார்க்க நேரமிராது. அவன் விலகுவான், அவள் ஏறுவாள். எவர் உயிருக்கும் கேடில்லை.

கோமதிநாயகம் வாசலில் தலை நீட்டினான்.

"என்னக்கா, ஓட்டை எதுவும் ஆம்புட்டுதா? இல்லேன்னா சொல்லுங்க, ஊசி எடுத்து ஒண்ணு குத்தித் தாரேன்."

"போடா. இன்னும் பாத்து முடிக்கல."

"நல்லாப் பாருங்க. பொறவு மேலேர்ந்து நான் கை காட்டும்போது மூஞ்சியத் திருப்பிக்கிடக் கூடாது."

அவன் சிரித்தபடி போய்விட்டான். அவள் பார்த்து முடித்திருந்தாள்.

கையுறையை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கயற்கண்ணி சிங்கராயரின் அறைக்குப் போனாள். அவர் தலைப்பக்கம் தாழ்ந்து கால்பக்கம் உயர்ந்த கட்டிலில் படுத்திருந்தார். விண்வெளியில் இரத்தம் தலைக்கேறும். அதற்கு உடலைப் பழக்கும் கட்டில் அது. மாணவர்கள் படுக்கும் நாட்களிலெல்லாம் அவரும் படுத்தார்.

"உங்களுக்கு இது எதுக்கு ஐயா, இன்னமும்?"

"உங்களை மட்டும் படுக்கச் சொன்னா, வெளியில போய் என்னைத் திட்டுவீங்க. உக்காரு. இங்கிருந்து பாத்தா உன் முகம் தலைகீழாத் தெரியுது. அழறியா சிரிக்கிறியான்னு புரியல."

அவள் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். உடையைச் சோதிக்கிற வேலையை மாற்று வீரர்கிட்ட எதுக்குக் கொடுத்தாங்க? கோமதி போகலேன்னா போறது நான். என்னை எப்படி நம்புறாங்க?"

"யாரு நம்பினாங்க?"

"பின்னே?"

"தச்சவங்க பாத்தா, நம்ம வேலை சரியாத்தான் இருக்கும்னு பாப்பாங்க. அவனோட சிநேகிதன் பாத்தா, ஒண்ணும் இருந்துடக் கூடாதேன்னு பாப்பான். ஏதாவது இருந்துடாதான்னு ஏங்கிப் பாக்குற கண்ணு இந்த நிலையத்துல ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குத் தப்பி எந்தக் குறை ஒளிஞ்சுக்கும்?"

அங்கயற்கண்ணியின் முகம் சுட்டது.

"கண்ணுல பட்டதை அவங்க வாய்விட்டுச் சொல்லுவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்லை."

"சொல்லலேன்னா?"

"நாளைக்கு ஏவுதளத்துல காத்து கசியும். ஒருத்தர் இறங்குவார், ஒருத்தர் ஏறுவார். உலகம் ஒண்ணும் முழுகிடாது."

"அப்போ அது தப்பில்லையா?"

"தப்பா சரியான்னு கேக்கவா இவ்வளவு தூரம் வந்தே? அது உனக்குத் தெரியும். வேற என்னவோ கேக்க வந்திருக்கே. அதைக் கேளு."

அவர் கைகளை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தலைக்கேறிய இரத்தம் இறங்கட்டும் என்று கண்களை மூடிக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த நிலையத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டிராததை அவள் கேட்டாள்.

"நீங்க மூணு பேருக்கு மாற்று வீரரா இருந்தீங்க. மூணு பேர் உடையையும் நீங்கதான் சோதிச்சீங்க. மூணு பேரும் நல்லபடியாப் போய்த் திரும்பி வந்தாங்க. நீங்க மட்டும் இங்கேயே இருந்துட்டீங்க. உங்க கண்ணுல ஒரு தடவைகூட ஒண்ணும் படலையா?"

சிங்கராயர் கண்களைத் திறந்தார்.

"மூணு தடவையும் பட்டுது."