தெய்வாத்தா வெச்சுட்டுப் போன தேன்

வா கண்ணு, போர்வைக்குள்ள வா. என்னது, மிட்டாயா? பல்லு வெளக்குனதுக்கு அப்புறம் மிட்டாய் கெடையாது. நான் சொல்லல சாமி, உங்கம்மா சொன்னது. எனக்குக் குடுக்கோணும்னுதான் ஆசை, கை துறுதுறுங்குது. ஆனா அவகிட்டப் பேச்சு வாங்க இந்த அம்மிச்சிக்குத் தெம்பில்ல. கதை வேணும்னா சொல்றேன், கதைக்கு உங்கம்மா இன்னும் தடை போடல. ஆனா ஒண்ணு, நீ 'ம்' கொட்டோணும். கொட்டாட்டி நான் உனக்கு முன்னால தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு வயசான அப்புச்சி இருந்தாராமா. பேரு நாச்சிமுத்து. அவருக்கு ஒரு சம்சாரம், பேரு தெய்வாத்தா. முருங்கைத் தோட்டத்து ஓரமா வரிசையா தேனீப் பெட்டி வெச்சிருந்தாங்களாமா. காத்தால போனா 'ங்ங்ங்ங்'னு ஒரே பாட்டு. அப்புச்சி கிட்டப் போனா சுருக்குனு கொட்டிப்போடும். தெய்வாத்தா கை விட்டா ஒண்ணும் பண்ணாது. அது என்ன ஓரவஞ்சனைன்னு அப்புச்சி தேனீயக் கேப்பாராமா. தேனீ என்னத்தச் சொல்லும்?

ம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கொழந்தை பொறந்ததும், மொத மொதலா அது நாக்குல இனிப்பு தொட்டு வெப்பாங்க. அதுக்கு சேனை வெக்கறதுன்னு பேரு. யாரு வெக்கறாங்களோ அவுங்க குணம் கொழந்தைக்கு வந்துரும்னு சொல்லுவாங்க. அதனால சிடுமூஞ்சிகளையெல்லாம் கூப்புட மாட்டாங்க. என்னையெல்லாம் ஒருத்தரும் கூப்புட்டதில்ல, சிரிக்காத.

தெய்வாத்தாள எல்லாரும் கூப்புடுவாங்க. ஏன்னா அவ கோவிச்சு யாரும் பாத்ததே இல்லயாமா. எந்த வூட்டுல கொழந்தை பொறந்தாலும், "தெய்வாத்தாக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னு ஆளு வந்துரும். அப்ப அவ கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு, சின்னக் கிண்ணத்துல தேன் எடுத்துக்கிட்டுப் போவா. கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு அப்புச்சியும் பின்னாலயே போவாரு. அங்க போனதும் அவ தேனத் தொட்டுக்கிட்டு, பெத்தவ மூஞ்சியப் பாத்து, "வெக்கட்டுமா அம்மணி?"ன்னு கேப்பா. பெத்தவ "வெய்ங்க"ன்னு சொன்னாத்தான் வெரலு கொழந்தைகிட்டப் போகும். ஒருக்கா ஒரு மாமியாக்காரி, "அவளென்ன சொல்றது, நீ வெய்"ன்னு அதட்டுனாளாமா. "சொமந்தவ சொல்லட்டுங்க"ன்னு தெய்வாத்தா சிரிச்சுக்கிட்டே நின்னாளாமா. பெத்த பொண்ணு வலியில அரைமயக்கமாக் கெடந்துச்சு. அது கண்ண முழிச்சு "ம்"ங்கற வரைக்கும் நின்னா.

ம்.

நீயும் சொல்லிட்டயா. நல்லது.

அவுங்களுக்கு ஒரே மக, சுகந்தி. தூரத்து ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. ரொம்ப நாளு கழிச்சு சுகந்தி முழுகாம இருக்கறான்னு சேதி வந்துச்சு. அன்னிக்கே தெய்வாத்தா தோட்டத்துக்கு ஓடி, நல்ல முருங்கைப்பூத் தேனா ஒரு சின்ன பாட்டில்ல புடிச்சு, மூடியத் திருகி, சாமி மாடத்துல வெச்சுட்டா. "இத யாரும் தொடாதீங்க. என்ற மக கொழந்தைக்கு நாந்தான் சேனை வெப்பேன்"னா.

அப்புறம் என்னாச்சு தெரியுமா? கொழந்தை வர்றதுக்குள்ள தெய்வாத்தா போயிட்டா. காய்ச்சல்னு படுத்தா, எந்திரிக்கவே இல்ல. தோட்டத்துல தேனீ பாட்டுக்குப் பாடிக்கிட்டுக் கெடந்துச்சு. வூட்டுல அப்புச்சி மட்டும். சோறு ஆக்குனா ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு, அப்புறம் ஒண்ண எடுத்து உள்ள வெப்பாராமா.

தூங்கிட்டயா? இல்லயா. சரி.

பேறுகாலத்துக்கு சுகந்தி அப்பன் வூட்டுக்கு வந்தா. ஒரு நாளு அவளுக்குக் கொழந்தை பொறந்துச்சு. பொட்டப்புள்ள. 'குவா குவா'ன்னு ஆசுபத்திரியே கிடுகிடுங்குது. அப்புச்சி குளிச்சு, வேட்டி மாத்தி, அந்த பாட்டில மடியில கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. உங்கம்மா மாதிரியே கண்டிசனான ஒரு நர்ஸம்மா அங்க நின்னுச்சு. பாட்டிலப் பாத்ததும், "என்னங்க ஐயா அது?"ன்னு கேட்டுச்சு. "தேனுங்க, சேனை வெக்கறதுக்கு"ன்னாரு. "கூடவே கூடாதுங்க. ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் நாக்குலயே படக்கூடாது"ன்னு சொல்லிருச்சு.

அப்ப சுகந்தியும் கட்டில்ல இருந்து, "வேண்டாங்கப்பா. எனக்கும் சொல்லியிருக்காங்க"ங்கறா.

"ஏன் வேண்டாம்?"

நர்ஸம்மா பொறுமையாத்தான் சொல்லுச்சு. தேனுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விதையாட்டம் ஒரு கிருமி இருக்குமாமா. நம்ம வயித்துல அது மொளைக்காது. பச்சக் கொழந்தை வயித்துல மொளைச்சுரும். மொளைச்சுதுன்னா கையி காலு தொவண்டுரும், பாலு சப்பத் தெம்பிருக்காது, மூச்சு விடவே கஷ்டமாயிரும்னு சொல்லுச்சு. எல்லாத் தேன்லயும் இருக்காது, ஆனா எதுல இருக்குதுன்னு பாத்தாத் தெரியாதுன்னுச்சு.

அப்புச்சி காதுல இதெல்லாம் ஏறல. ஒண்ணே ஒண்ணுதான் ஏறுச்சு. "தெய்வாத்தா எடுத்த தேன்ல கிருமியா? அவ கைபட்ட தேன்லயா?" அப்படீன்னு மொகம் செவந்து போச்சு. தேனத் திட்டுனா சம்சாரத்தத் திட்டுன மாதிரி அவருக்கு. தடதடன்னு வெளிய போயி, வேப்பமரத்தடியில உக்காந்துக்கிட்டாரு.

ம்.

அப்புறம் கொழந்தைய அப்புச்சி வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பேரு வெக்கற நாளும் வந்துச்சு. சொந்தபந்தமெல்லாம் சலசலன்னு வந்து எறங்கிருச்சு. அப்புச்சி அதுக்குள்ள ஒரு யோசனை பண்ணி வெச்சிருந்தாரு. ஒரு ஸ்பூன் தேன எடுத்து, அடுப்புல வெச்சு, 'கொத கொத'ன்னு காய்ச்சிப்போட்டாரு. ஆற வெச்சுக் கிண்ணத்துல ஊத்திக்கிட்டு, "அம்மணி, காய்ச்சிட்டேன். கிருமி இருந்தாலும் செத்துப்போயிருக்கும். இப்ப வெக்கலாமில்ல?"ன்னு வந்து நிக்கறாரு. மூஞ்சியில அப்படியொரு ஆசை.

சுகந்திக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அது அடுப்புல காய்ச்சுனாலும் சாகாதுங்கப்பா. நான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்"னா.

அவ்வளவுதான், சொந்தமெல்லாம் பாஞ்சு வந்துருச்சு. "நாங்கெல்லாம் தேன் நக்கித்தான் வளந்தோம், செத்தா போயிட்டோம்?" "படிச்ச திமுரு!" "பெத்த அம்மா ஆசைய மண்ணாக்கறா பாரு!" ஒருத்தி கொழந்தையவே கையில இருந்து வாங்கப் போனாளாமா. சுகந்தி விடல. கொழந்தைய மாரோட அணைச்சுக்கிட்டு உள்ள போனா. கதவு 'டமார்'. தாப்பாள் 'டப்'.

வெளிய அப்புச்சி கிண்ணத்தோட நின்னுக்கிட்டே இருந்தாரு. பாயசத்தக் குடிச்சுட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க. அதுக்கு மட்டும் ஒருத்தரும் தப்பல.

அதுக்கப்புறம் அப்பனும் மகளும் பேசறதே இல்ல. எல்லாம் கொழந்தை மூலமாத்தான். "பாப்பா, உங்கப்புச்சியச் சாப்புடச் சொல்லு." "பாப்பா, உங்கம்மாளுக்கு வெந்தண்ணி காஞ்சிருச்சுன்னு சொல்லு." பாப்பா என்ன பண்ணும்? நாக்க நீட்டி 'ஙே'ங்கும்.

ஒருக்கா மட்டும் சுகந்தி கொழந்தையப் பாக்காம அவரப் பாத்தே சொன்னா. "ஒரு வருசம் பொறுத்துக்குங்கப்பா. நானே தூக்கிக்கிட்டு வர்றேன். அப்ப வெய்ங்க."

"பொறந்ததும் வெச்சாத்தான் அது சேனை. ஒரு வருசம் கழிச்சு வெச்சா அது வெறும் தேனு. அது வரைக்கும் நான் இருப்பனா இல்லயா, யாரு கண்டா?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

எனக்கு அந்தக் கெழவன் மேல கோவமா வருது, பாவமாவும் இருக்குது. உனக்கு?

ம்.

சரி, கேளு. மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டுப் போற நாளு நெருங்கிருச்சு. விடிஞ்சா கெளம்போணும். மத்தியானம் சுகந்தி, "பாப்பா, நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன், அப்புச்சியத் தொட்டிலப் பாத்துக்கச் சொல்லு"ன்னுட்டு குளிக்கப் போனா. 'மொண்டு சளார், மொண்டு சளார்'னு தண்ணிச் சத்தம் கேக்குது. வூட்டுல வேற ஆளில்ல.

அப்ப அப்புச்சி என்ன பண்ணுனாரு? மெதுவா எந்திரிச்சாரு. கைய நல்லாத் தேச்சுக் கழுவுனாரு. மாடத்துல இருந்து பாட்டில எடுத்தாரு. மூடி 'கிர்ர்'னு திருகுச்சு. சுண்டு வெரல உள்ள விட்டாரு. தேன் நூலாட்டம் எறங்குச்சு. அந்த வாசம் வந்ததும் அவருக்குக் கண்ணு இருட்டிருச்சு. தெய்வாத்தா சீலையில எப்பவும் அந்த வாசந்தான்.

தொட்டிலுகிட்டப் போனாரு. கொழந்தை முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெரலக் கண்டதும் பாலுன்னு நெனச்சுக்கிட்டு வாயத் தொறந்துச்சு. சின்ன நாக்கு, ரோசாக் கலர்ல. வெரலுக்கும் நாக்குக்கும் நடுவுல ஒரு அரிசி நீளந்தான் தூரம்.

அப்ப அவரு வாயி, அவரு சொல்லாமயே, தானாக் கேட்டுருச்சு. எத்தன வூட்டுல கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு நின்ன ஆளு! கேட்டுக் கேட்டுப் பழகுன வாயி!

"வெக்கட்டுமா அம்மணி?"

கேட்டுட்டு நின்னாரு. சொல்றதுக்கு ஆளில்ல. பொறத்தால 'மொண்டு சளார், மொண்டு சளார்'னு தண்ணிச் சத்தந்தான். சொமந்தவ "வெய்ங்க"ன்னு சொல்லல. சொல்லாம தெய்வாத்தா ஒரு கொழந்தைக்கும் வெச்சதில்ல. அப்ப இது எப்படி தெய்வாத்தா வெக்கற சேனையாகும்?

கொழந்தை வாயத் தொறந்துக்கிட்டே இருக்குது. இவரு வெரல நீட்டிக்கிட்டே நிக்கறாரு. அப்புறம் கைய மெதுவா இழுத்துக்கிட்டாரு.

தூங்கிட்டயா கண்ணு?

ம்ஹூம்.

அந்நேரம் பாத்து சுகந்தி ஈரத்தலையோட வந்துட்டா. அப்பன் வெரல்ல தேனு, பக்கத்துல தொட்டிலு! "அப்பா!"ன்னு ஒரே அலறல். ஓடி வந்து கொழந்தைய அள்ளி, வாயத் தொறந்து, நாக்கத் தடவிப் பாத்தா. "வெச்சுட்டீங்களா? சொல்லுங்கப்பா, வெச்சுட்டீங்களா?"

"இல்ல சாமி. கேட்டேன். நீ இல்ல. அதனால வெக்கல."

சுகந்தி அவரையே பாத்தா. அவரு தொட்டில்கிட்டத் தரையிலயே உக்காந்துட்டாரு. "உங்கம்மாள எப்படியாவது இந்தக் கொழந்தைக்குள்ள கொண்டு வந்தரலாம்னு பாத்தேன். அவ இல்லாம எனக்கு ஆவறதில்ல அம்மணி"ன்னு சொன்னாரு. அந்த வெரல என்ன பண்றதுன்னு தெரியாம நீட்டிக்கிட்டே உக்காந்திருக்காரு.

"எனக்கு மட்டும் ஆவுதுங்களாப்பா? அன்னிக்கு வலியில நான் யாரக் கூப்புட்டுக் கத்துனேன்னு நெனைக்கறீங்க?"

அப்ப அவரு தேனத் தொடைக்கறதுக்குத் துண்ட எடுத்தாரு. சுகந்தி, "தொடைக்காதீங்க"ன்னா. கொழந்தையத் தொட்டில்ல போட்டுட்டு, அவரு முன்னால வந்து மண்டி போட்டு உக்காந்து, வாயத் தொறந்தா.

"எனக்கு வெய்ங்கப்பா."

அப்புச்சிக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் அவ மூஞ்சியப் பாத்து, "வெக்கட்டுமா அம்மணி?"ன்னாரு.

"வெய்ங்க."

வெச்சாரு. அவ கண்ண மூடிக்கிட்டா. முருங்கைப்பூத் தேனு, கடைசியில துளியூண்டு கசக்கும். அம்மா எடுத்த தேனு. அம்மா போனப்பக்கூட அப்படி அழுகல அவ. வயித்துல கொழந்தை இருக்குதுன்னு யாரும் அழுக விடல. இப்ப அழுதா.

அழுது முடிச்சு, தொட்டில்ல குனிஞ்சு கொழந்தைக்கு முத்தம் குடுக்கப் போனா. அப்ப அப்புச்சி துள்ளி எந்திரிச்சாரு பாரு! "ஏய் ஏய் ஏய்! தேன் வாயோட கொழந்தைய முத்தறயா? நர்ஸம்மா என்ன சொல்லுச்சு? போ, வாயக் கொப்பளிச்சுட்டு வா!"

சுகந்தி சிரிச்சுப்போட்டா. சிரிச்சுக்கிட்டே பொறத்தால போயி, சொம்புல தண்ணி மொண்டா. வாய்கிட்டக் கொண்டு போனா. அப்படியே நின்னுட்டா.

ஏன்னு கேளு.

ஏன்?

நாக்குல இன்னும் அம்மா இருந்தா கண்ணு. கொப்பளிச்சா போயிருவா. சொம்பத் தூக்கறா, எறக்கறா. தூக்கறா, எறக்கறா. அப்புச்சி வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

அப்புறம் உள்ள கொழந்தை 'குவா'ன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு.

அவ கொப்பளிச்சுட்டா. நல்லா, ரெண்டு தரம். வெரலு விட்டுத் தேச்சு. அப்புறம் உள்ள ஓடிப் போயி கொழந்தையத் தூக்கி முத்திக்கிட்டா.

அவ்வளவுதான். கதை ஊருக்குப் போயிருச்சு, நீயும் கூடவே போ. தூங்கு சாமி, தூங்கு.