ஒருநாளும் நிக்காதுன்னு எழுதிக் குடு

தூத்துக்குடியில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில், ஒற்றை அறையில் ஜெனிட்டாவும் செல்வினும் கம்பெனி நடத்திய காலம் அது. கணக்கில் பணம் ஏறினால் செல்போனே தமிழில் சத்தமாகச் சொல்லும் செயலி ஒன்றை, படிக்கத் தெரியாத மீன்காரப் பெண்களுக்காகச் செய்திருந்தார்கள். அதை ஓட்ட ஒரு வங்கி கைகோக்க வேண்டும். போன வங்கியெல்லாம் கைவிரித்தன.

கடைசியாகப் பார்த்த வங்கியின் பொதுமேலாளர் வைத்தியலிங்கம், அதிகாரிகள் சூழ நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இது பழுதாகி ஒருநாளும் நிக்காதுன்னு எழுதிக் குடும்மா. அப்புறம் பேசலாம்."

செல்வினுக்கு முகம் வாடிவிட்டது. அப்படி யாரால் எழுதித் தர முடியும்?

ஜெனிட்டா பணிவாகத் தலையாட்டினாள். "தாரேன் சார். உங்க ஏ.டி.எம். ஒருநாளும் நிக்காதுன்னு நீங்க ஜனங்களுக்கு எழுதிக் குடுத்திருப்பீங்கல்லா, அதைக் காட்டுங்க. அதே மாதிரி எழுதிருதேன்."

அதிகாரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கீழே வாசல் ஏ.டி.எம்.மில் 'வேலை செய்யவில்லை' என்ற அட்டை தொங்குவது எல்லோருக்கும் தெரியும்.

வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கியது. "சரி, நின்னா என்ன செய்வீங்க?"

"'பணம் வந்துச்சான்னு கிளையில கேட்டுக்கோங்கக்கா'ன்னு போனே சொல்லிரும் சார். பணத்தைத் தொடாது. முதல்ல திரேஸ்புரம் கிளையில மட்டும் போட்டுப் பாருங்க."

"வந்தவங்க எல்லாம் நிக்கவே நிக்காதுன்னாங்க," என்றார் அவர். "நின்னா என்னன்னு யோசிச்சது நீங்கதான்."

இன்று அவர்கள் கம்பெனி பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் திரேஸ்புரத்தில் முதல்நாள், மீன்கூடைப் பக்கமிருந்து "அறுநூறு ரூபாய் வந்திருக்குக்கா" என்று குரல் வர, மீன்காரக்கா கத்தியைக் கீழே வைத்து "யாரு பேசுதா?" என்று திரும்பிப் பார்த்தாளே, அந்த முகம்தான் ஜெனிட்டாவின் கண்ணில் இன்னும் நிற்கிறது.