பலகை கட்டாமல் ஏற்றிய மணல் வண்டி

மணல் வண்டி ஏற்றுவதைப் பற்றித் தொம்மை சொன்னதில், அதற்கு நாலு சக்கரம் என்பது ஒன்றுதான் உண்மை. மற்றதெல்லாம் அன்றைக்குக் காலையில் அவர் வாயிலேயே பிறந்தது.

மணப்பாட்டுக் கடற்கரைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மணலில் ஓட்டிப் பார்க்கும் அந்தக் கொழுத்த டயர் வண்டி பிரகாசியுடையது. அவள் பிழைப்பே அது ஒன்றுதான். நெல்லைப் பொருட்காட்சியில் பத்து நாள் ஓட்ட இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் வண்டி அங்கே நிற்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். குட்டியானை என்கிற சின்ன லாரியோடு டிரைவர் பலவேசம் வந்துவிட்டான். வழக்கமாக ஏற்றித் தருகிற ஆளுக்குத்தான் காய்ச்சல். அந்த நேரம் பார்த்துத் தொம்மை வந்து நின்றார்.

"எதுக்கு பிள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் ஏத்தித் தாரேன்."

"முன்ன ஏத்தியிருக்கீங்களாண்ணே?"

அதை அவள் கேட்டிருக்கக் கூடாது.

"ஏத்தியிருக்கேனாவா? தேரிக்காட்டுல ஒரு நாள், முன்னால மூணு பேரு, பின்னால நாலு பேரு, என் மடியில ஒரு ஆட்டுக்கல்லு."

"ஒருத்தர்தான் உக்காரணும்னு வண்டியிலயே எழுதியிருக்கே."

"அது படிச்சவனுக்கு. நான் முறுக்கின முறுக்குல தேரி மணல்மேடே கிளம்பிப் பின்னால ஓடி வந்துட்டு. சாத்தான்குளத்துல திரும்பிப் பாக்கேன், மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கி. அதப் பழைய இடத்துல கொண்டு விட்டுட்டு வரப் பொழுதடைஞ்சு போச்சு."

பலவேசம் கடலைத் தோலை ஊதினான். "மணல விடுங்க அண்ணாச்சி. லாரில எப்படி ஏத்துனீங்க?"

"பலகையே கிடையாது. பக்கத்துல ஒரு பனை நின்னுச்சு. அதுல விறுவிறுன்னு ஓட்டி ஏறி, உச்சியில பதநீ குடிச்சிட்டு, அங்கயிருந்து லாரிக்குள்ள ஒரே தாவு."

"பதநீ குடிக்கையில வண்டிய எங்க நிறுத்துனீங்க?"

"ஓலையிலதான். கை பிரேக் போட்டுத்தான் நிறுத்துனேன். பாதுகாப்பு முக்கியம்லா."

"வண்டியக் கட்டப் பெல்ட்டு?" பிரகாசி தன்னை மீறிக் கேட்டுவிட்டாள்.

"அது வேற ஒரு நாள், உவரிப் பக்கம். அலை மேல ஓட்டிட்டு வாரேன், ஒரு அலை எந்திரிச்சு என்னைய அப்படியே தூக்கி லாரில வச்சுட்டு. பெல்ட்டு இல்ல. நாலு கடல்பாம்பு வந்து நாலு மூலையிலயும் சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. நாகர்கோயில் வரைக்கும் ஒரு அசைவு கிடையாது. பிறவு நாலையும் டவுன் பஸ்ல ஏத்தி அனுப்பிவச்சேன்."

"கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"நாலும் பொட்டப் பாம்பு. பொம்பளைகளுக்கு பஸ் சும்மாதான."

பிரகாசி சிரித்துவிட்டாள். அதற்குள் தொம்மை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். குட்டியானையின் பின்னால், வண்டி ஏறுவதற்கான இரண்டு பலகைகளும் கட்டாமல் சும்மா சாய்த்துத்தான் இருந்தன.

"அண்ணே, பலகையக் கட்டல. தலையில ஹெல்மெட்டும் இல்ல. இறங்குங்க."

"பனையில ஏறினவனுக்குப் பலகையக் கட்டணுமாக்கும்" என்று ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினார்.

முன்சக்கரம் லாரிக்குள் போய்விட்டது. பின்சக்கரம் உதைத்த உதையில் பலகை இரண்டும் பின்பக்கமாக உருவிக்கொண்டு போயின. வண்டி பின்னால் தொப்பென்று இறங்கி, தலை மேலேயும் வால் கீழேயுமாகத் தொங்கியது. தொம்மை சீட்டிலிருந்து சறுக்கி மணலில் மல்லாந்தார். இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் வண்டி அவர் மேலேயே விழுந்திருக்கும். பிரகாசி ஓடிப் போய்ச் சாவியைத் திருகி அணைத்தாள். முதலில் வண்டியைத்தான் பார்த்தாள், அப்புறம்தான் ஆளை. அதை நினைத்து அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வலை காயப் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் வந்து தாங்கிப் பிடித்து வண்டியை இறக்கினார்கள். பிரகாசி பலகைகளை லாரியோடு பெல்ட்டால் இறுக்கிக் கட்டினாள். ஹெல்மெட்டை மாட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, முதல் கியரில் ஊர்ந்து ஏறினாள். பிரேக்கைப் போட்டு நாலு மூலையும் கட்டினாள். பத்து நிமிஷம் ஆனது. சொல்லும்படி அதில் ஒன்றுமே நடக்கவில்லை.

தொம்மை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எப்படி ஏத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியணும்னுதான் பிள்ள விழுந்து காட்டுனேன். நான் விழுந்த வேகத்துல கடல் ரெண்டடி உள்ள போயிட்டு, பாத்தியா?"

பலவேசம் லாரி மேல் நின்ற வண்டியின் மிதியில் மாட்டிக் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து அவர் முன்னால் போட்டான்.

"நீங்க லாரில ஏத்துனது இது ஒண்ணுதான் அண்ணாச்சி. இதையும் இறக்கியாச்சு."